டெல்டாவில் பூர்வீக நிலத்தையும் வீட்டையும் பாகம் பிரிப்பது எப்படி

பட்டா இன்னும் தாத்தா பேரில். தாத்தா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அப்பாவும் இல்லை, சித்தப்பா ஊரில் இருந்து உழுகிறார், அத்தைகள் ஒருவர் கும்பகோணத்தில், ஒருவர் திருச்சியில், நீங்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. சொத்து என்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மா நஞ்சை (மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், நூறு குழி ஒரு மா), ஒரு ஓட்டு வீடு, கொல்லையில் நாலு தென்னை, ஒரு மூங்கில் கொத்து. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கதையைப் பேர் மாற்றிச் சொல்வார்கள்.

எல்லாரும் ஒற்றுமையாக இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. சித்தப்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றும்போதோ, கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்கும்போதோ, ஐப்பசி மழையில் சம்பா மூழ்கி இன்சூரன்சுக்கு எழுதும்போதோதான் “சிட்டா யார் பேர்ல இருக்கு?” என்ற கேள்வி வரும். பிஎம் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் என்பதும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு பேர் மாறிய நிலத்துக்கு அதுவும் கிடையாது, வாரிசாக வந்தது மட்டும் விலக்கு. உழுகிறவர் ஒருத்தர், காகிதத்தில் இருப்பவர் காலமாகிவிட்டவர் என்றால் இதெல்லாம் ஒவ்வொன்றாக இழுக்கும்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பாகம் பிரிக்க உட்கார்ந்தால் எல்லாரும் பரப்பளவைப் பிடித்துக்கொள்கிறார்கள், பத்துக் குழி கூட, பத்துக் குழி குறைவு என்று. பிரித்து முடித்த பிறகு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோவது பெரும்பாலும் வாமடை (வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறக்கும் இடம்), வடிகால், பாதை இந்த மூன்றில்தான். ஆகவே கீழே அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன், மற்றதை வேகமாகப் படித்துக்கொண்டு போகலாம்.

எந்த மாதத்தில் ஊருக்குப் போவது

சித்திரை பிற்பாதி, வைகாசி. இதைவிட நல்ல நேரம் டெல்டாவில் கிடையாது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. சம்பாவோ தாளடியோ (குறுவைக்குப் பின் வைக்கும் இரண்டாம் போகம்) அறுத்த கையோடு வயலில் உளுந்து, பயறு நிற்கும், அதையும் பிடுங்கி முடித்தால்தான் வயல் காய்ந்து வெறுமையாகக் கிடக்கும், எல்லைக் கல் கண்ணுக்குத் தெரியும், சர்வேயர் சங்கிலி இழுக்கலாம். ஆவணியில் போய் “அளந்து குடுங்க சார்” என்றால் முழங்கால் சேற்றில் யாரும் இறங்க மாட்டார்கள், இறங்கினாலும் நட்ட பயிரை மிதித்ததற்குப் பக்கத்து வயல்காரரிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இன்னொரு வசதி, ஜமாபந்தி. கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்ய வட்டாட்சியர் அலுவலகத்தில் வருஷா வருஷம் மே, ஜூன் வாக்கில் நடப்பது. பட்டாவில் இருக்கும் தவறு, பெயர் விடுபட்டது போன்றவற்றுக்கு அங்கே மனு கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், சர்வே ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் ஒருவர் இருந்தால் ஒருவர் முகாமுக்குப் போயிருப்பார். ஆடியில் பத்திரம் பதிய நம் ஆட்களே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் சேர்ப்பது

வீட்டில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இணையத்தில் எடுக்க முடிந்ததை எடுத்துவிடுங்கள். வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் பட்டா-சிட்டா, அ-பதிவேடு (புல எண்வாரியாக நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் கிராமக் கணக்கு), புலப்படம் (வயலின் அளவு வரைபடம்) மூன்றும் கிடைக்கும். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்க்கக் காசு இல்லை, பெரும்பாலும் 1975-க்குப் பிறகு உள்ளது வந்துவிடும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத்தான் தேட வேண்டும். மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்று உட்கார்ந்து புலம்ப வேண்டாம், பதிவான பத்திரமாக இருந்தால் சான்றிட்ட நகல் அங்கேயே வாங்கலாம்.

பட்டாவில் அளவு ஹெக்டேர்-ஏரில் இருக்கும், ஊரில் மா-குழியில் பேசுவார்கள், பத்திரத்தில் ஏக்கர்-சென்ட் இருக்கும். மூன்றும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது 33 சென்ட், மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் பூஜ்யம் ஹெக்டேர், 40 ஏர், 50 சதுர மீட்டர், அதாவது ஒரு ஏக்கர். 0.13.50 என்றால் ஒரு மா. ‘அப்பா நாலு மான்னு சொன்னார், பட்டாவில் 0.47.00 தானே இருக்கிறது’ என்று கண்டுபிடிப்பது இப்போதே நடந்தால் நல்லது, பாகம் பேசும் அன்றைக்கு நடந்தால் சித்தப்பா மேல் சந்தேகம் வரும். குறைகிற அந்த அரை மா பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது, வேறொரு உட்பிரிவில் வேறொரு பட்டா எண்ணில் இருக்கும்.

பழைய பத்திரத்தில் இருக்கும் சர்வே எண் இன்றைக்குப் பட்டாவில் இருக்காது. அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு ஒரு கலம் உண்டு, அதை வைத்துப் பொருத்திப் பாருங்கள். 1979-லிருந்து 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பேர் மாறியது, பக்கத்து ஆளின் எண்ணோடு சேர்ந்துபோனது என்று ஊருக்கு நாலு கேஸ் இருக்கும், உங்களுடையது அதில் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் அந்தத் திருத்தம் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போகும், மாதக்கணக்கில் ஆகும், அதை முடித்துவிட்டுத்தான் பாகம்.

பத்திரத்தில் நான்கெல்லை படிப்பதில் வெளியூரில் வளர்ந்த பிள்ளைகள் தடுமாறுவார்கள். ‘பெரிய வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் நஞ்சைக்குக் கிழக்கு’ என்று எழுதியிருந்தால் வாய்க்கால் நம் நிலத்துக்கு வடக்கே இருக்கிறது, கோயில் நிலம் மேற்கே இருக்கிறது என்று அர்த்தம். நம் நிலம் அவற்றுக்கு எந்தத் திசையில் கிடக்கிறது என்றுதான் அதில் சொல்லியிருக்கும். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு அடுத்தவர் வயலில் நின்று போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவதும் நடக்கும்.

அடங்கலையும் மறக்காதீர்கள். யார் என்ன பயிர் வைத்தார் என்று பசலிக்குப் பசலி எழுதுவது அதில்தான். பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும், அது தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் எண் வரும், 2025 ஜூலையில் தொடங்கியது 1435. பத்துப் பதினைந்து பசலியின் அடங்கலை எடுத்தால் இதுவரை யார் கையில் எந்த வயல் இருந்தது என்று தெரிந்துவிடும். வாய்வழியாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் உழுது வந்த குடும்பங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நிலம் நம்முடையதுதானா

கேட்கவே சங்கடமான கேள்வி, ஆனால் டெல்டாவில் கேட்டே ஆக வேண்டும். கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் இங்கே நிலம் நிறைய. மூன்று தலைமுறையாக உழுத நிலம் அ-பதிவேட்டில் சுவாமி பேரில் இருக்கலாம், நீங்கள் குத்தகைதாரராக இருக்கலாம். வீட்டு மனையும் அப்படித்தான், கட்டிடம் உங்களுடையது, அடிமனை கோயிலுடையது, வருஷா வருஷம் அடிமனை வாடகை கட்டிய ரசீது பெட்டியில் எங்காவது கிடக்கும். இதையெல்லாம் சொந்தச் சொத்து என்று பாகப்பிரிவினையில் எழுதிக்கொண்டு போனால் சார்பதிவாளர் பதிய மாட்டார். குத்தகைப் பெயரை மாற்றக் கோயில் நிர்வாகத்திடம்தான் போக வேண்டும்.

ஊராட்சிக்கு வீட்டுவரி கட்டிய ரசீது இருக்கிறதே என்பார்கள். அது வரி கட்டியதற்கு ஆதாரம், மனை உரிமைக்கு ஆதாரம் ஆகாது. வீடு கிராம நத்தத்தில் (ஊர்க் குடியிருப்புக்கென்று விட்ட இடத்தில்) இருந்தால் நத்தம் பட்டா இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வாங்க வழி உண்டு. வாய்க்கால் புறம்போக்கில், குளக்கரையில் இருந்தால் பட்டா வராது, அந்த வீட்டை ஒருவர் பங்குக்குத் தள்ளிவிட்டு ‘உனக்கு வீடு கொடுத்தாச்சு’ என்று கணக்குக் காட்டுவது அநியாயம்.

உங்கள் நிலத்தையே வேறொருவர் குத்தகைக்கு உழுகிறார் என்றால் அவருக்குத் தெரியாமல் பிரித்து விற்றுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1969 சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் அவர் பேர் ஏறியிருக்கலாம், வெளியேற்றுவதென்றால் வருவாய் நீதிமன்றம் வழியாகத்தான். நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். கல் எங்கே இருக்கிறது, எந்த மூலை தண்ணீர் நிற்கும், பக்கத்துக்காரர் எந்த வருஷம் வரப்பை வெட்டினார் என்பதெல்லாம் உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். அதேபோல தாத்தா காலப் பத்திரத்தில் பண்ணையாட்கள் குடியிருந்த மனையும் சேர்ந்திருந்தால், 1971-ன் குடியிருப்புச் சட்டத்தில் அது அங்கே குடியிருந்தவர்களுக்கே போயிருக்கும், அதைப் போய்க் கிளறாதீர்கள்.

யாருக்கு எவ்வளவு

வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியர் கொடுப்பது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கு இறப்புச் சான்று வேண்டும். எப்போதோ போன கொள்ளுத்தாத்தாவின் இறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்க வேண்டிவரும், இதை முதலில் ஆரம்பித்துவிடுங்கள், மற்ற எல்லாம் இதற்காகக் காத்திருக்கும். சான்றிதழில் ‘கோவிந்தராஜன்’, பட்டாவில் ‘கோவிந்தராசு’, ஆதாரில் ‘கோவிந்தராஜ்’ என்று இருந்தால் மூன்று பேரும் ஒரே ஆளுடையதுதான் என்று பிரமாணப் பத்திரம் கேட்பார்கள், எதிர்பார்த்தே போங்கள்.

இந்துக் குடும்பத்தில் ஆண் ஒருவர் உயில் எழுதாமல் போனால் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. அம்மாவை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தாத்தா வாங்கிய 12 மா என்று வைத்துக்கொள்வோம். அவர் போகும்போது பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என்றால் ஐந்து பங்கு, ஆளுக்கு 2 மா 40 குழி. அடுத்து பாட்டி இருக்கும்போதே உங்கள் அப்பா போய்விட்டார் என்றால், அவருடைய 2 மா 40 குழி உங்கள் அம்மா, நீங்கள், உங்கள் தங்கை, பாட்டி என்று நான்காகும். அப்பா பங்கில் 60 குழி பாட்டிக்குத் திரும்பிப் போகிறது. பாட்டியும் போன பிறகு அந்த 60 குழியில் சித்தப்பாவுக்கும் அத்தைகளுக்கும் தலா 15 குழி வரும், மீதி 15 குழிதான் உங்களுக்கும் உங்கள் தங்கைக்கும். யார் முதலில் போனார் என்ற வரிசை மாறினால் கணக்கே மாறிவிடும், அதனால் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு, அந்தச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

தாத்தாவுக்கு அவருடைய முன்னோர் வழியாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் பெண்களுக்குப் பிறப்பிலேயே பங்கு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-லிருந்து அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு, 2005 செப்டம்பர் 9-லிருந்து நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் தீர்ப்பு மூலமோ பாகம் முடிந்துவிட்டால் அது அப்படியே நிற்கும்.

“அதான் தங்கச்சிங்களுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே, இன்னும் என்ன பங்கு?” என்று பெரியப்பா கேட்பார். கேட்கட்டும். சீர் செய்தது பாகம் ஆகாது. அக்கா தங்கை தங்கள் விருப்பத்தில் விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியுங்கள், வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கி பீரோவில் வைப்பது எதற்கும் உதவாது. விட்டுக்கொடுக்க மனம் இல்லையென்றால் பங்கைக் கொடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் வைத்து, பத்துப் பேர் பார்க்க “கையெழுத்துப் போடு அத்தே” என்று நெருக்கி வாங்குவதை நான் ரொம்பக் கேவலமாக நினைக்கிறேன், அது கோர்ட்டிலும் நிற்பதில்லை. பங்குதாரரில் மைனர் பிள்ளை இருந்தால் அவன் சொத்தை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டும், இதையும் கவனியுங்கள்.

வயலில் இறங்கிப் பார்ப்பது

இனிமேல்தான் உண்மையான வேலை. புலப்படத்தை அச்செடுத்துக்கொண்டு, விடியற்காலையில், பங்குதாரர் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டுப் பிரிக்கவே கூடாது.

நம் ஊரில் தண்ணீர் பெரும்பாலும் வயலுக்கு வயல் பாய்வது. வாய்க்காலை ஒட்டிய மேல்வயலில் வாமடை, அது நிரம்பி அடுத்த வயல், அது நிரம்பி அதற்கடுத்தது. எல்லாம் தாத்தா ஒருவருடைய நிலமாக இருந்தவரை யாரும் யாரையும் கேட்கவில்லை. பிரித்த மறுநாள் மேல்வயல்காரர் உரம் போட்டிருப்பார், “நாலு நாள் தண்ணி விட முடியாது, உரம் ஓடிப்போயிரும்” என்பார், கீழ்வயலில் நாற்று வாடும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் மேல்வயல் ஓரமாக ஒரு முழம் அகலத்தில் தனி வாய்க்கால் விட்டுவிட முடியுமா என்று அங்கேயே நின்று பாருங்கள். விட முடிந்தால் அந்த இடத்தைப் பொதுவாக எழுதிவிடுங்கள், அதற்குப் போகும் சில குழியை எல்லாரும் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

பாய்ச்சலுக்குப் பிறகு வடிகால். தண்ணீர் வருவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்குப் போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் எந்த மூலையில் வெட்டிவிடுவார்கள், அது யார் வயல் வழியாக எந்த வடிவாய்க்காலுக்குப் போகிறது, இதை உழுகிறவரிடம் கேளுங்கள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கமென்றால் இந்தக் கேள்வி பாய்ச்சலைவிட முக்கியம். பேராவூரணி மாதிரி கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியென்றால் தண்ணீர் கடைசியில் வருவதால் போர்வெல் யாருடையது என்பது பெரிய விஷயமாகிவிடும். பம்ப்செட்டும் இலவச மின்சார சர்வீசும் எந்தப் புல எண்ணில் இருக்கின்றன என்று பாருங்கள். சர்வீஸ் ஒருவர் பங்கில் விழுந்தால் மற்றவர்கள் வாரத்தில் எந்த நாள் ஓட்டிக்கொள்ளலாம், மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் செலவு யாருக்கு, இதையும் பேசி முடித்துவிடுங்கள்.

மூன்றாவது பாதை. மாட்டு வண்டியும் தலைச்சுமையும் இருந்த காலத்தில் வரப்பு போதும். இன்றைக்கு அறுவடை இயந்திரம் உள்ளே போக வேண்டும், டிராக்டர் வர வேண்டும். அடுத்தவர் அறுத்து முடிக்கும்வரை உங்கள் வயலுக்கு மெஷின் போக முடியாது என்றால், அவர் தாளடி வைத்தால் உங்கள் சம்பா முற்றிக் கொட்டும்.

இதை வைத்துத்தான் எப்படி வெட்டுவது என்று முடிவுசெய்ய வேண்டும். நிறைய குடும்பங்களில் ஒவ்வொரு வயலையும் நாலு பட்டையாக நீளவாக்கில் கிழிக்கிறார்கள், எல்லாருக்கும் வாய்க்கால் முகப்பு கிடைக்கட்டும் என்று. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ரயில்பெட்டி மாதிரி நீளமான அந்தப் பட்டையில் மெஷின் திரும்பாது, புதிதாகப் போடும் ஒவ்வொரு வரப்பும் நிலத்தைத் தின்னும், எலிக்கும் இடம் கொடுக்கும். முடிந்தவரை முழு வயலாகப் பிரித்துக்கொண்டு, நல்ல வயல் வாங்கியவர் மற்றவருக்குப் பணமாகச் சரிக்கட்டுவதே சரி என்பது என் கருத்து. தலைமடையில் இருக்கும் ஒரு மாவும் கடைசியில் மழைக்கு மூழ்கும் ஒரு மாவும் ஒரே விலை போகாது, அப்படியிருக்கப் பரப்பளவு சமமாக இருந்து என்ன? நாற்றங்கால் வயல் எப்போதும் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும், அது யாருக்கு என்பதைத் தனியாகப் பேசுங்கள்.

யார் எதை எடுப்பது என்பதில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பிரிப்பவர் தானாகவே ஒழுங்காகப் பிரிப்பார். இல்லாவிட்டால் குலதெய்வம் கோயிலில் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, யாராவது ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. இரண்டும் வேலைசெய்கின்றன.

பேசி முடித்த பிறகு அளந்து கல் போட விண்ணப்பியுங்கள். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து வயல்காரர்கள் நாலு பேரையும் கையோடு கூப்பிட்டு நிறுத்துங்கள். “நீங்க பாட்டுக்கு அளந்துட்டுப் போயிட்டீங்க” என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. மண்வெட்டியோடு இரண்டு ஆள், மோர் ஒரு குடம், இதுவும் உங்கள் பொறுப்பு.

வீடு

வீட்டை வெட்டாதீர்கள். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீட்டில் கூடத்துக்கு நடுவே சுவர் எழுப்பினால் ஒரு பக்கம் வெளிச்சம் போகும், ஒரு பக்கம் கிணறு போகும், ஓட்டுச் சரிவில் விழும் மழைத்தண்ணீர் யார் பக்கம் என்று தனி வழக்கு. ஊரில் இருக்கப் போகிறவர் யாரோ அவருக்கு வீட்டை முழுசாகக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் நிலத்திலோ பணத்திலோ எடுத்துக்கொள்ளுங்கள். யாருமே இருக்கப் போவதில்லை என்றால் விற்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள், ஓடு மாற்றாமல் பூட்டிவைத்த வீடு நாலைந்து மழைக்காலம் தாங்குவதே அதிகம். கொல்லையில் குலதெய்வத்துக்குப் படையல் போடும் இடம் இருந்தால் அதைப் பொதுவில் வைத்து, வருஷம் யார் செய்வது என்று முறை எழுதிக்கொள்ளலாம். தென்னையும் மூங்கிலும் எந்த மண்ணில் நிற்கின்றனவோ அந்த மண்காரருக்கு என்று ஒரு வரி போதும்.

பத்திரத்தில் என்ன எழுதுவது

கூர்ச்சீட்டு (யாருக்கு எந்தப் பங்கு என்று தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் சீட்டு) எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு அத்தோடு விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பதியாத கூர்ச்சீட்டை உரிமைக்கு ஆதாரமாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளாது, யார் எதை அனுபவித்தார் என்று காட்டத்தான் உதவும். பாகப்பிரிவினைப் பத்திரமாகப் பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்குள் என்றால் மதிப்பில் 1 விழுக்காடு முத்திரைத் தீர்வை, 1 விழுக்காடு பதிவுக் கட்டணம். 2023 ஜூலையில் உயர்த்தியபடி ஒரு பாகத்துக்கு உச்சவரம்பு முத்திரைத் தீர்வையில் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தில் 10,000 ரூபாய். யார் யார் ‘குடும்பம்’ என்ற கணக்கில் வருவார்கள் என்பது பத்திர வகையைப் பொறுத்து மாறும், போகும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திர எழுத்தர் தன்னிடம் இருக்கும் மாதிரியில் ‘சகல பாத்தியங்களுடன், நடைவழி, வாய்க்கால் வழி உட்பட’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். விடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள் (ஷெட்யூல் என்பது ஒவ்வொருவர் பங்குக்குமான சொத்து விவரப் பட்டியல்): ‘அ ஷெட்யூல் நிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள வாமடையிலிருந்து மேல்புற வரப்பை ஒட்டி 2 அடி அகலத்தில் செல்லும் வாய்க்கால் வழியாக ஆ ஷெட்யூல் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளவும், ஆ ஷெட்யூல் நிலத்தின் மழைநீரை இ ஷெட்யூலின் தென்கிழக்கு மூலை வழியாக வடிவாய்க்காலுக்கு வடித்துக்கொள்ளவும், கிழக்கு வரப்பை ஒட்டிய 12 அடி பாதையில் இயந்திரங்களும் வண்டிகளும் போய்வரவும் பாகஸ்தர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் வாங்குகிறவர்களுக்கும் உரிமை உண்டு.’ வாரிசு, வாங்குகிறவர் என்ற சொற்கள் முக்கியம், நாளைக்கு ஒருவர் தன் பங்கை வெளி ஆளுக்கு விற்றால் அவரையும் இது கட்டும். சர்வேயர் போட்ட வரைபடத்தில் பாய்ச்சல், வடிகால், பாதை மூன்றையும் குறித்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பத்திரத்தோடு சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாதென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்தப் பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட மட்டும் என்று எழுதிக் கொடுங்கள், மொத்தமாகப் பொது அதிகாரம் கொடுப்பது தம்பிக்கே என்றாலும் வேண்டாம்.

பதிந்த பிறகு

பதிந்ததோடு பட்டா தானாக மாறிவிடும் என்று ஊரை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய நிலமாக இருந்தால் சர்வேயர் மறுபடி வந்தாக வேண்டும், விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு இணையத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். 112/3 என்று இருந்தது 112/3அ, 112/3ஆ என்று பிரிந்து ஆளுக்கொரு தனிப்பட்டா வர வேண்டும். கூட்டுப்பட்டாவிலேயே விட்டுவிட்டால் இவ்வளவு செய்ததும் பாதியில் நின்ற மாதிரி, கடனுக்குப் போனாலும் நிவாரணத்துக்குப் போனாலும் எல்லார் கையெழுத்தும் கேட்பார்கள். வந்த பட்டாவில் அப்பா பேர், பரப்பு, புலப்படத்தில் புதுக் கோடு விழுந்த இடம் மூன்றையும் சரிபாருங்கள். வட்டாட்சியர் உத்தரவில் தவறு இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு.

யாராவது ஒருவர் கடைசிவரை ஒத்துவரவில்லை என்றால் சிவில் கோர்ட்டில் பாக வழக்குதான். அதற்கு முன் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள், செலவு இல்லை, லோக் அதாலத்தில் முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது.

தனிப்பட்டா கைக்கு வந்ததும் அதன் நகலோடு ஒரு சுற்றுப் போய் வாருங்கள். அடங்கலில் பேர் ஏற்ற கிராம நிர்வாக அலுவலரிடம், உறுப்பினர் பெயர் மாற்ற சொசைட்டியில், பம்ப்செட் சர்வீசுக்கு மின்வாரியத்தில், வீட்டுவரிக்கு ஊராட்சியில், பிஎம் கிசானுக்கு வேளாண் துறை அலுவலகத்தில். குறுவைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் இதை முடித்துவிட்டால் அந்த வருஷப் பயிர்க் காப்பீட்டையே புதுப் பேரில் எழுதிவிடலாம்.